மென்பொருட் கட்டமைப்பு: மரபுகளும் அளவுகோலும்

கொழும்பின் மட்டக்குளியிலும் முகத்துவாரத்திலும் இருந்து மென்பொருள் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். கட்டமைப்பு பற்றி உலகம் முழுக்க நடந்த பெரிய விவாதத்தில் கொழும்புக்கும் ஓர் இடம் உண்டு. அதை அவர்கள் அறிய வேண்டும்.

முதலில் நின்றது பெருங்கட்டு மரபு. வெவ்வேறு கணினிகளில் ஓடும் நிரல்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காக 1991இல் கோர்பா வந்தது. 1998இல் ஜாவாவுக்கு ஈ.ஜே.பி. வந்தது. பெரிய கொம்பனிகளின் குழுக்கள் கூடி, எழக்கூடிய தேவைகள் அனைத்துக்கும் முன்கூட்டியே விடை எழுதிவைத்த ஏற்பாடுகள் இவை. ஈ.ஜே.பி.யின் இரண்டாம் பதிப்பில் ஒரு சின்னக் கணக்கை எழுதக்கூட இரண்டு இடைமுகங்களும் ஒரு வகுப்பும் ஓர் எக்ஸ்.எம்.எல். கோப்பும் வேண்டியிருந்தன. இத்தனை சுமை எதற்கு என்று ரொட் ஜோன்சன் என்ற நிரலாளர் 2002இல் ஒரு நூல் முழுவதும் கேட்டார். அதன் வழியாகப் பிறந்த ஸ்பிரிங் என்ற ஜாவாச் சட்டகம் 2004இல் முதற்பதிப்புக் கண்டது. 2006இல் ஈ.ஜே.பி.யே தன் மூன்றாம் பதிப்பில் சாதாரண வகுப்புகளுக்கு இறங்கி வந்தது.

அடுத்தது, நிரல்கள் எக்ஸ்.எம்.எல். செய்திகளால் பேசும் சோப் மரபு. நம் நாட்டின் பங்கு இங்கேதான் வருகிறது. ஒரு சேவை என்ன செய்யும் என்பதை விவரிக்கும் டபிள்யூ.எஸ்.டி.எல். தரத்தின் 1.1 பதிப்பு 2001இல் வெளியானபோது அதன் நான்கு ஆசிரியர்களில் ஒருவர் சஞ்சீவ வீரவரண. ஐ.பி.எம்.மில் பணியாற்றிய அவர் 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்பாச்சி அறக்கட்டளையின் அக்சிஸ்2 என்ற சோப் மென்பொருளில் இலங்கைப் பொறியியலாளரின் உழைப்பு நிறைய உண்டு. அது கெட்டிக்காரத்தனமான வேலை. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

ஆனால் பாதுகாப்பு, நம்பகம், பரிவர்த்தனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம் எழுதப்பட்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. இரண்டு கொம்பனிகளின் கருவிகள் ஒத்துப்போக வைப்பதற்கென்றே 2002இல் தனி அமைப்பு உருவாக்க நேர்ந்தது. ரோய் ஃபீல்டிங் 2000இல் தம் ஆய்வேட்டில் விளக்கிய ரெஸ்ட் முறையோ வலை ஏற்கெனவே ஓடும் விதத்தையே பயன்படுத்தியது. ஒரு கோரிக்கையை உலாவியில் தட்டிப் பார்க்கலாம். பிழை கண்ணுக்கே தெரியும். 2006 ஜனவரியில் ஐ.பி.எம்., மைக்ரோசொஃப்ட், சாப் ஆகியவை சோப் சேவைகளைத் தேடுவதற்கென வைத்திருந்த பொதுப் பதிவேடுகளை மூடின. அதே ஆண்டு டிசம்பரில் கூகுள் தன் சோப் தேடல் சேவைக்குப் புதிய அனுமதி வழங்குவதை நிறுத்தியது.

சோப் மரபு பின்வாங்கிய காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தரங்களை எழுதியவர்கள் வேறு, அவற்றைச் சுமந்தவர்கள் வேறு. பத்துக் கொம்பனிகளின் தேவைக்கு எழுதியதை நான்கு பேர் கொண்ட குழு தூக்கிச் சுமந்தது.

இந்த வேறுபாடு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு சஹானா என்ற மென்பொருள் சாட்சி. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் காணாமற்போனோர், முகாம்கள், நிவாரணம் ஆகியவற்றைப் பதிய பி.எச்.பி.யில் அதை எழுதினார்கள். எழுதியவர்களுக்கு அடுத்த நாளே அது தேவைப்பட்டது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நன்மைக்கான விருது அதற்குக் கிடைத்தது.

எளிமை என்ற பெயரில் எல்லாவற்றையும் கழித்துவிடவும் முடியாது. ரெஸ்ட் வென்ற பிறகும் சேவையை விவரிக்க ஓர் ஒப்பந்தம் தேவைப்பட்டது. அதற்காகச் சுவகர் என்ற விவரிப்பு முறை முளைத்து, ஓப்பன் ஏ.பி.ஐ. ஆனது. டபிள்யூ.எஸ்.டி.எல். கேட்ட கேள்வி சரியான கேள்விதான்.

2014க்குப் பிறகு, ஒரு நிரலைப் பல சிறு சேவைகளாகப் பிரிக்கும் நுண்சேவை மரபு பரவியது. ஆயிரக்கணக்கான பொறியியலாளர் உள்ள இடத்துக்கு அது பொருந்தும். ஆனால் 2023இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒளிபரப்புத் தரத்தைக் கண்காணிக்கும் தன் கருவியின் சிதறிய பகுதிகளை ஒரே நிரலாகச் சேர்த்து, செலவை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாக எழுதியது.

ஆகவே தம்பி தங்கைகளே, அடுத்த கூட்டத்தில் யாராவது ஒரு நிரலைப் பத்துச் சேவைகளாகப் பிரிக்கச் சொன்னால் மூன்றை மட்டும் கேளுங்கள்: எத்தனை பயனர்கள், எத்தனை பேர் கொண்ட குழு, நள்ளிரவில் பழுதானால் எழுந்து திருத்தப்போவது யார்? பதில் வந்த பிறகு வரைபடத்தைத் தொடங்குங்கள்.