பாஞ்சாலி சபதமும் பெரியோர் சொல்லும்

மூத்தோர் சொல்லைத் தட்டலாகாது என்பது நம் சிறுவர் எழுத்தறியும் பருவத்திலேயே கற்கும் பாடம். அச்சிறுவரே வளர்ந்து மேல்வகுப்பை அடைந்ததும் பாரதியின் பாஞ்சாலி சபதத்தைப் படிக்கின்றனர். முதற் பாடத்தை இக்காவியம் எத்துணை ஆழமாகக் கேள்விக்குட்படுத்துகின்றது என்பதை நாம் அவர்களுக்கு உணர்த்துகின்றோமா? பீமனின் வீரத்தையும் பாஞ்சாலியின் சூளுரையையும் விளக்குவதோடு பெரும்பாலும் நம் பணி முடிந்துவிடுகின்றது.

காவியத்தின் கேடு சூதாட்ட மண்டபத்தில் தொடங்கவில்லை. ஓர் அழைப்பிலேயே தொடங்குகின்றது. திருதராட்டிரன் அழைக்கின்றான், விதுரன் தூது வருகின்றான். அழைப்பின் பின்னே வஞ்சனை இருப்பதைத் தருமன் அறிவான். பீமன் எதிர்த்துப் பேசுகின்றான். ஆயினும் தந்தையின் நிலையிலுள்ளோர் பணித்துவிட்டனர், இராமன் காட்டிய வழியை மறக்கலாகாது என்று கூறித் தருமன் புறப்படுகின்றான்.

இராமனைத் துணைக்கழைத்தது பொருந்துமா? தந்தை சொற் கேட்டு முடியிழந்தவன் இராமனே. தருமனோ தன்னை மட்டும் இழக்கவில்லை. நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயமாக வைத்தான். அவர்களுள் எவரது சம்மதத்தையும் அவன் கேட்டானல்லன். தான் துன்புற்றுக் கீழ்ப்படிவது ஒன்று. பிறரைத் துன்பத்துக்குள்ளாக்கிக் கீழ்ப்படிவது வேறொன்று. முன்னதைப் பண்பு எனலாம். பின்னது பொறுப்பைத் தட்டிக்கழித்தலேயாம். நாட்டை வைத்தாடும் கட்டத்தில் பாரதி கதையை நிறுத்தித் தருமனைக் கடிகின்றான். வீட்டைக் காக்க நின்றவனே அதனைச் சூதில் தோற்பதற்கு அச்செயலை ஒப்பிடுகின்றான். பிரித்தானியரின் பிடிக்கு எட்டாது புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டு 1912இல் முதற் பாகத்தை வெளியிட்ட கவிஞனுக்கு, மக்களைக் கேளாமல் நாட்டைக் கைமாற்றுவது வெறும் பழங்கதையன்று.

கவிஞன் மறைந்தபின் 1924இல் வெளியான இரண்டாம் பாகம் இவ்விசாரணையை அவைக்கே கொண்டுசெல்கின்றது. நீதி கேட்கும் பாஞ்சாலிக்கு வீட்டுமன் விடையளிக்கின்றான். முற்காலத்தில் பெண்ணும் ஆணும் நிகராக மதிக்கப்பட்டதை அவன் அறிவான். நடப்பது அநீதி என்பதையும் அறிவான். எனினும் இன்றைய சாத்திரம் இதற்கு இடந்தருகின்றது, தடுக்கும் திறன் தனக்கில்லை என்று கூறித் தலைகவிழ்கின்றான். அறியாமையால் தவறும் மூத்தோரை மன்னிக்கலாம். அறிந்தும் வழக்கத்தின் பின்னே ஒளிந்துகொள்ளும் மூத்தோருக்கு என்ன மரியாதை உண்டு?

தமையனின் கைகளை எரிக்கத் தீக் கொண்டுவருமாறு பீமன் சகாதேவனை ஏவும் இடம் யாவரும் அறிந்ததே. ஆனால் அருச்சுனன் சொற் கேட்டு அச்சினம் அடங்கிவிடுகின்றது. அதன்பின் எழுபவன் விகர்ணன்; துரியோதனனின் தம்பி. பிதாமகன் கூறிய நியாயம் நியாயமன்று என்று தன் சுற்றத்தார் முன்னிலையிலேயே மறுத்துரைக்கின்றான். அவனுக்குக் கர்ணன் அளிக்கும் விடை கூர்ந்து நோக்கத்தக்கது. நீ சிறியவன், அரசரெல்லாம் வாய்மூடி இருக்க நீ மிகைபடப் பேசினாய் என்பதே அவ்விடையின் தொடக்கம். வாதம் பிந்தி வருகின்றது. வயது முந்தி வருகின்றது. நிலமானிய சமுதாயம் தன் அதிகாரத்தைக் காத்துக்கொண்ட முறை இதுவே. இன்றும் நம் வீடுகளிலும் சங்கக் கூட்டங்களிலும் இக்குரலைக் கேட்கின்றோம்.

விகர்ணனும் இறுதிவரை நிற்கவில்லை. வியாசர் பாரதத்தின்படி, குருட்சேத்திரத்தில் அவன் தமையனின் பக்கம் நின்றே போரிட்டுப் பீமன் கையால் மடிகின்றான். அவையிலே உண்மை உரைத்தவனைக் கீழ்ப்படிதல் களத்திலே விழுங்கிவிட்டது. ஒருமுறை பேசிவிட்டுப் பின் பணிந்துபோகும் நம்மவர் பலருக்கு இம்முடிவு ஓர் எச்சரிக்கையாகும்.

முதியோரை மதித்தல் வேண்டாம் என்பது நம் கருத்தன்று. அவர்தம் அனுபவத்தைக் கேட்போம். தளர்ந்த காலத்தில் தாங்குவோம். ஆனால் அவர்கள் ஒன்றைப் பணிக்கும்போது, இதனால் இழப்பவர் யார், அவரைக் கேட்டோமா என்று வினவும் உரிமையை விட்டுக்கொடுத்தலாகாது. ஆசிரியரான நாமும் அவ்வினாவுக்கு விலக்கானவரல்லர். வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து நம் கூற்றை மறுக்கும்போது நாம் கர்ணனாக விடையளிக்கின்றோமா என்பதை முதலில் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.