ஐந்தாண்டு ஆளுநரும் 999 ஆண்டுக் குத்தகையும்

தேக்கடி ஏரியில் படகு நகர்ந்ததும் முதலில் கண்ணில் படுபவை நீருக்கு நடுவே நிற்கும் பட்ட மரங்கள். முல்லைப் பெரியாறு அணையில் தண்ணீர் தேங்கியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. குமுளிக் கடைத்தெருவில் ஏலக்காய் விற்பவர்களிடம் அணையைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அதைக் கட்டிய பொறியாளர் பென்னிகுயிக் பெயர் வரும், குத்தகை வரும், 142 அடி நீர்மட்டம் வரும். அணை வேலை தொடங்கியபோது சென்னை மாகாணத்தை ஆண்டவர் யார் என்பது மட்டும் வராது. இத்தனைக்கும் அவர் பெயரைத் தமிழ்நாட்டுப் படிப்பாளிகள் தினமும் சொல்கிறார்கள். எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக் கன்னிமாரா பிரபு அவர்தான்.

இயற்பெயர் ராபர்ட் பர்க். 1827இல் அயர்லாந்தின் மேயோ பிரபு குடும்பத்தில் மூன்றாம் மகனாகப் பிறந்தார். மூத்த மகனுக்கே பட்டமும் நிலமும் போகும் வழக்கத்தில் இளைய மகன்களுக்கு அரசியலோ படையோ திருச்சபையோதான் வழி. பர்க் வழக்கறிஞரானார், 1868இல் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1874இல் வெளியுறவுத் துணை அமைச்சரானார். அக்காலத்து வெளியுறவு அமைச்சர்கள் டெர்பியும் சாலிஸ்பரியும் பிரபுக்கள் சபையில் இருந்தார்கள். ஆகவே ரஷ்ய-துருக்கிப் போரும் பெர்லின் மாநாடும் நடந்த ஆண்டுகளில் மக்கள் சபையில் எழுந்து பதில் சொல்லும் பொறுப்பு பர்க்கின் தலையில் விழுந்தது.

குடும்பத்தைப் பார்த்தால் அது இந்திய ஆட்சியின் வம்சாவளி போலவே இருக்கிறது. அண்ணன் ஆறாம் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்து 1872 பிப்ரவரியில் அந்தமானில் ஷேர் அலி அஃப்ரீதியால் குத்திக் கொல்லப்பட்டவர். மனைவி லேடி சூசன், கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் மகள். அந்த டல்ஹௌசியின் காலத்தில்தான், 1855இல், நிர்வாகத்தைச் சீர்திருத்தாவிட்டால் நாட்டை இணைத்துக்கொள்ள நேரும் என்ற எச்சரிக்கை திருவிதாங்கூருக்குப் போனது. அவர் மருமகன் 1886 டிசம்பரில் சென்னைக்கு வந்து இறங்குகிறார்.

பஞ்சாபையும் வங்காளத்தையும் இந்திய சிவில் சர்வீஸில் படிப்படியாக உயர்ந்தவர்கள் துணை ஆளுநர்களாக ஆண்டார்கள். சென்னைக்கும் பம்பாய்க்கும் மட்டும் சீமையிலிருந்து அரசியல்வாதியோ பிரபுவோ ஐந்தாண்டுக்கு அனுப்பப்படுவார். இந்த வழக்கத்தை வெறும் குலப்பெருமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அதில் ஒரு நியாயம் இருந்தது. கலெக்டராக இருபது ஆண்டு பழகியவருக்குத் தன் துறையின் தவறுகள் பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வருபவருக்கு அவை புதிதாகத் தெரியும். லண்டனில் இந்தியா அமைச்சருக்கு நேரே கடிதம் எழுதும் உரிமையும் சென்னை ஆளுநருக்கு இருந்தது. எழுதுபவர் நேற்றுவரை அமைச்சரின் சக உறுப்பினர் என்றால் அந்தக் கடிதத்துக்குத் தனி எடை. நேப்பியர் பிரபு வாஷிங்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெர்லின் என்று தூதுவராக இருந்துவிட்டு 1866இல் சென்னைக்கு வந்தவர். மேயோ கொலையுண்டதும் வைஸ்ராய் பொறுப்பைச் சில வாரங்கள் தாங்கினார். திருவனந்தபுரத்து அருங்காட்சியகம் அவர் பெயரில் நிற்கிறது.

பர்க்கும் அரண்மனையில் முடங்கிக் கிடக்கவில்லை. அவருடைய மாகாணச் சுற்றுப்பயணங்களை அவர் செயலாளர் ஜே. டி. ரீஸ் ஒரு புத்தகமாகவே எழுதினார். 1887இல் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1890 மார்ச்சில் நூலகத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டில் லேடி சூசன் மணமுறிவு பெற்றார், ஆளுநரும் பதவி விலகி ஊர் திரும்பினார்.

வழக்கத்தின் குறை இங்கேதான் தெரியத் தொடங்குகிறது. அணைக்காகத் திருவிதாங்கூர் நிலத்தைச் சென்னை மாகாணம் எடுத்த பெரியாற்றுக் குத்தகை 1886 அக்டோபர் 29இல் எழுதப்பட்டது. அப்போது ஆளுநர் கிராண்ட் டஃப், ஆறு வாரத்தில் அவர் போய்விட்டார். 1887இல் வேலை தொடங்கியது கன்னிமாராவின் காலம். 1895 அக்டோபரில் அணையைத் திறந்துவைத்தவர் வென்லாக் பிரபு, சில மாதங்களில் அவரும் கப்பலேறினார். ஒரே அணைக்கு மூன்று ஆளுநர்கள். பத்திரத்திலோ மூவரில் எவர் கையெழுத்தும் இல்லை. திருவிதாங்கூர் திவான் ராம ஐயங்காரும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹானிங்டனும் ஒப்பமிட்டார்கள். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய், காலம் 999 ஆண்டு. வாடகையை இடையில் மாற்றி எழுத அதில் வழி வைக்கவில்லை.

தாது வருடப் பஞ்சத்தில் மாகாணம் பட்ட பாட்டை நினைத்தால், மதுரைச் சீமைக்குத் தண்ணீர் கொண்டுவந்த அந்த அணையை யாரும் தவறு என்று சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் இரண்டு போக நெல் அதற்குச் சாட்சி. என் வழக்கு பத்திரத்தின் மீதுதான். பத்துத் தலைமுறைக் கணக்கை வீட்டுச் சுவரில் ஓவியமாக மாட்டி வைத்திருந்த குடும்பங்கள், முப்பது தலைமுறையைக் கட்டிப்போடும் ஏற்பாட்டை ஐந்தாண்டுக்காரர்களாக வந்து நடத்திவிட்டுப் போயின. வண்டிப்பெரியாற்றில் அணைக்குக் கீழே குடியிருப்பவரின் அச்சத்துக்கும், கூடலூரில் மடை பார்த்து நிற்பவரின் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் யாருமே இருக்கவில்லை.

மலைக்கு வடக்கே, பாலக்காட்டுக்கு வந்தால் இதைவிட ஆழமான குறை தெரிகிறது. பாலக்காடு அன்று சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் பகுதி. நிலம் ஜென்மிகள் என்ற நிலக்கிழார்கள் கையில். வெறும்பாட்டம் என்ற வெறும் குத்தகையில் உழுத குடியானவரை நினைத்தபோது வெளியேற்றலாம். கலெக்டர் வில்லியம் லோகன், ஸ்காட்லாந்து உழவர் ஒருவரின் மகன், ஊர் ஊராக விசாரித்து, உழுபவருக்கு நிலத்தில் நிலைத்த உரிமை வேண்டும் என்று 1882இல் அறிக்கை தந்தார். அது குழுக்களின் கைகளில் மாறி மாறிப் போய் இளைத்தது. கன்னிமாரா வந்த கையோடு 1887இன் முதல் சட்டமாக வெளிவந்தபோது எஞ்சியது இவ்வளவுதான்: வெளியேற்றலாம், ஆனால் குடியானவர் வைத்த மரத்துக்கும் செய்த மேம்பாட்டுக்கும் ஈடு கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஆளுநரின் பிறப்பு பொருட்டாகிறது. அயர்லாந்தில் இதே தகராறு நடந்தது. அங்கே 1870இல் மேம்பாட்டுக்கு ஈடு என்று ஒரு சட்டம். அது போதாமல் ஊர்கள் கொந்தளித்ததால் 1881இல் நியாய வாடகை, நிலைத்த குடியுரிமை, விற்கும் உரிமை என்று மற்றொரு சட்டம். ஐரிஷ் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளையான பர்க் இரண்டு விவாதங்களின்போதும் சபையில் உறுப்பினர். முதல் சட்டம் தோற்றதை ஆசியாவில் வேறு எந்த ஆளுநரையும்விட நன்றாக அறிந்திருக்கக் கூடியவர். அவர் தலைமையில் மலபாருக்குக் கிடைத்ததோ அந்த 1870தான். மசோதா முன்னவர் காலத்தில் உருவானது என்பது உண்மை. அதற்கான விலக்கை அவருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் பின்வந்த நான்கு ஆண்டுகளில் லோகன் கேட்டது சட்டமாகவில்லை. வெளியாளின் புதிய கண் என்ற வாதம் இங்கே நிற்கவில்லை. குடியானவரின் வழக்கில் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை வெளியாள் அல்லர்.

பதவி பிரபு வீடுகளுக்குள்ளேயே சுற்றியதற்கு வென்லாக் வீடும் சாட்சி. அவர் தம்பி ஆர்தர் லாலி 1906இல் அதே நாற்காலிக்கு வந்தார். கோவை லாலி ரோடு அவர் பெயர்தான். ஒரே வீட்டுக்கு இரண்டு முறை கிடைத்த மாகாணத்தில் லோகன் ஒருமுறைகூட ஆளுநராகியிருக்க முடியாது.

நூலகத்தை நான் மனமாரப் போற்றுகிறேன். இந்தியாவில் வெளியாகும் நூல்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு இடங்களில் ஒன்று அது. அடிக்கல் நாட்டியவருக்குப் பிள்ளை இல்லை. 1902இல் அவர் இறந்ததும் கன்னிமாரா பட்டம் பதினைந்தே ஆண்டில் அற்றுப்போனது.

1970 ஜனவரி முதல் நாள், கேரளத்தின் அச்சுத மேனன் அரசு நிலக் குத்தகை முறையை ஒழித்து நிலத்தைக் குடியானவர்களுக்கு உரிமையாக்கியது. லோகன் கேட்டு 88 ஆண்டு கழிந்திருந்தது. அதே ஆண்டு மே 29இல் பெரியாற்று வாடகை ஏக்கருக்கு முப்பது ரூபாயாக உயர்ந்தது, முப்பதாண்டுக்கு ஒருமுறை மாற்றவும் வழி பிறந்தது. ஆனால் பாலக்காட்டுச் சித்தூர், முதலமடைப் பக்கத்து வயல்களில் கூலிக்கு உழுதவர்களுக்கு அந்த ஜனவரியிலும் குடிசை நின்ற சில சென்ட் மட்டுமே கிடைத்தது.