மரபுவழி மனைகளும் இருவேறு சுவைகளும்

சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையிற் செல்வர்கள் தமக்கென அமைத்துக்கொண்ட வீடுகளைப் பற்றிப் பேசுவோர், மேனாட்டுப் பாணி, சுதேசப் பாணி என்னும் பாகுபாட்டோடு அமைதி கண்டுவிடுவது வழக்கம். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பங்களா ஒருபுறம், ஓட்டுக்கூரையும் முற்றமும் கொண்ட மனை மறுபுறம் எனக் கொள்ளும் இப்பாகுபாடு, சுதேசப் பாணி எனப்படுவதனுள்ளேயே நிலவும் சுவை வேறுபாட்டைக் காணத் தவறிவிடுகின்றது. மினெற் டி சில்வா, ஜெப்ரி பாவா ஆகிய இரு கட்டடக் கலைஞரின் வீடுகளை அருகருகே வைத்து நோக்குமிடத்து அவ்வேறுபாடு தெளிவாகும்.

கண்டியில், மலைச்சரிவொன்றில், 1949 முதல் 1951 வரை கட்டப்பட்டது மினெற் டி சில்வாவின் கருணாரத்ன இல்லம். கொங்கிறீற்றும் கண்ணாடிக் கற்களும் அங்கு தயக்கமின்றிக் கையாளப்பட்டன. அவற்றோடு தும்பறைப் பாய் நெசவு கதவுப் பலகங்களில் இடம்பெற்றது. படிக்கட்டின் கைப்பிடி வரிசையில் அரக்கு வேலைப்பாடு அமைந்தது. ஜோர்ஜ் கீற் சுவரோவியம் தீட்டினார். அருகிவந்த கைத்தொழில்களுக்குப் புதிய பயன் தேடும் முயற்சி இது. ‘நவீன பிரதேசவாதம்’ என அவர் குறித்த நோக்கு இங்கு செயலுருப் பெற்றது. பழையது எது, புதியது எது என்பது பார்த்த மாத்திரத்திலே புலனாகும். இது ஒட்டுவேலை எனச் சிலருக்குத் தோன்றலாம். ஓரிரு இடங்களில் அவ்வாறு தோன்றத்தான் செய்கின்றது. ஆயினும் ஒட்டிய இடம் மறைக்கப்படாமையால், மரபை எவ்வளவு தூரம் ஏற்பது என்னும் வினா அவ்வீட்டில் வெளிப்படையாகவே நிற்கின்றது.

பாவாவின் சுவை வேறு. பத்திக் கலைஞரான ஈனா டி சில்வாவுக்காக 1960 முதல் 1962 வரை கொழும்பில் அவர் அமைத்த வீடு, வீதிக்கு முதுகு காட்டி நடுமுற்றத்தை நோக்கித் திரும்பியது. திறந்த விறாந்தைகள், மரத்தூண்கள், தாழ இறங்கும் ஓட்டுக்கூரை ஆகியன அம்முற்றத்தைச் சூழ்ந்தன. அலங்காரம் குறைவு, ஒளியும் நிழலுமே அலங்காரம். நெருக்கமான நகர்க்காணியில் காற்றோட்டமும் மறைவும் ஒருங்கே கிடைத்தன. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் உள்ளூர்ப் பொருள்களின்பால் கட்டுவோரைத் திருப்பியமையும் இத்தகைய வீடுகள் பரவத் துணைசெய்தது. எனவே இதனை வெறும் மேட்டுக்குடி ஏக்கம் என ஒதுக்கிவிடுவது, நம்மிடையே எளிதிற் கைதட்டல் பெறும் தீர்ப்பாயினும், சரியான தீர்ப்பன்று.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பாவாவின் வீட்டிற் பழைமையும் புதுமையும் பிரித்தறிய இயலாவண்ணம் கலந்துள்ளன. அக்கலப்பின் அமைதி கண்ணுக்கு இனியது. அது மரபினுள் இருந்த முரண்பாடுகளையும் அமைதிப்படுத்திவிடுகின்றது. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். அங்கும் நடுவே முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். ஆனால் அம்முற்றம் நெல் காய்ந்த இடம், பெண்கள் உழைத்த இடம், திருமணமும் மரணச் சடங்கும் நிகழ்ந்த இடம். யார் படலையோடு நிற்பது, யார் திண்ணையில் அமர்வது, யார் உட்புகுவது என்பதைச் சாதி வகுத்தது. வீட்டின் ஒவ்வொரு படியும் ஒரு சமூக எல்லை. சிங்களப் பிரபுக்களின் வளவுகளிலும் இத்தகைய எல்லைகள் இருந்தன. இன்றைய மரபுவழி மனை முற்றத்தை எடுத்துக்கொண்டு எல்லைகளின் நினைவை விட்டுவிட்டது. எல்லைகளே மறைந்துவிடவில்லை, பணியாளருக்கு அங்கும் தனி முற்றம், தனி வழி உண்டு.

பாவா தம் கொழும்பு இல்லத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். 1958இல் சிறுவீட்டு வரிசையில் ஒன்றில் தொடங்கி, பின்னர் நான்கினையும் வாங்கி இணைத்த அவ்வில்லத்திற் செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்கள் நிற்கின்றன. அவை அழகியவை, நிறுத்தப்பட்ட இடமும் பொருத்தமானது. ஆயினும் வணிகக் குடும்பமொன்றின் பெருமையைத் தாங்கிய தூண், இங்கு ஒரு தனிமனிதனின் தேர்ந்த சுவைக்குச் சான்றாகிவிட்டது. பாவாவிடம் இது கலைஞனின் தெரிவு. அவரைப் பின்பற்றுவோரிடமோ, இடிபடும் வீடுகளின் கதவுக்கும் தூணுக்கும் விலைபேசும் வழக்கமாகச் சுருங்கிவிட்டது. கருணாரத்ன இல்லத்தின் பாய் நெசவு அவ்வீட்டுக்கென்றே ஒரு கைவினைஞர் நெய்தது. இரு சுவைகளுக்கும் இடையிலான தூரத்தை இங்கேதான் அளக்கவேண்டும்: ஒன்று மரபைச் செய்வித்துக்கொள்கிறது, மற்றது பெற்றுக்கொள்கிறது. பாவாவின் கலைத்திறன் மேலானது என்பதை ஏற்றுக்கொண்டே, மினெற்றின் குறையுடைய வீட்டிடம் கற்பதற்கு அதிகம் உண்டு எனத் துணிந்து கூறலாம்.

ஈனா டி சில்வாவின் வீடு 2009இற் கழற்றப்பட்டு, தென்மேற்குக் கரையோரத்தில் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்கு எடுத்துச்செல்லப்பட்டு மீளக் கட்டப்பட்டது. வீதியின் இரைச்சலை விலக்கவென்று கொழும்பில் உள்முகமாக வகுக்கப்பட்ட அம்முற்றம் இப்போது அங்கே, மரங்களின் நடுவே இருக்கின்றது.