எல்லாப் பந்தையும் அடிக்காத விளக்கு

சென்ற மார்கழியில் ஒரு சபாவில் தனி ஆவர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. மிருதங்கக்காரர் மிஸ்ர நடைக்குப் போனதும் பின்திரை ஊதாவிலிருந்து பச்சைக்குத் தாவியது. ஃபரன் வந்ததும் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம். கோர்வை முடிவதற்குள் ஏழெட்டு நிறம் வந்து போயிற்று. பாடகியின் அரக்குப் பட்டு, நீலம் விழும்போதெல்லாம் கறுப்பாகி மறுபடி அரக்கானது. பக்கத்து இருக்கை மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ஆம்புலன்ஸ் ஏதாவது உள்ள வந்துடுத்தோன்னு பார்த்தேன்” என்றார். விளக்கை மைக்கின் சத்தத்தோடு இணைத்துவிட்டு ஆபரேட்டர் கேன்டீனுக்குப் போயிருந்தார். ரவா தோசைக்குப் பேர்போன கேன்டீன், குற்றம் சொல்ல முடியாது.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகிற பந்தை விடத் தெரியாத தொடக்க ஆட்டக்காரர் எத்தனை ஓவர் நிற்பார்? அந்த விளக்கும் அப்படித்தான் ஆடியது. விழுந்த ஒவ்வொரு சொல்லுக்கும் மட்டையை வீசியது. ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் அது எந்த நிறத்துக்கு மாறினாலும் ஒரு தலைகூட நிமிரவில்லை. இசையை நிறத்தால் சொல்லக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அவுட்டாவது இங்கேதான். எதை அடிப்பது, எதை விடுவது என்று நூறு வருடத்துக்கு முன்பே ஒரு ரஷ்யர் சுரமாகவே எழுதி வைத்திருக்கிறார். வீடு திரும்பியதும் அந்த ஸ்கோரைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அலெக்சாண்டர் ஸ்க்ரியாபின், ‘ப்ரொமிதியஸ்: நெருப்பின் கவிதை’. 1908-க்கும் 1910-க்கும் இடையில் எழுதியது. இருபது நிமிடத்துக்கு முன்னே பின்னே ஓடும். பியானோ, மிகப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, ஆர்கன், சொல்லே இல்லாமல் பாடும் கோரஸ். இவை எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்கோரின் உச்சியில் தனியாக ஒரு வரி. அதற்கு ‘லூச்சே’ என்று பெயர், இத்தாலிய மொழியில் ஒளி. மற்ற வாத்தியங்களுக்கு எழுதுவதுபோலவே அதற்கும் சாதாரணச் சுரக்குறிகள்தான். ஆனால் அதை வாசிக்க வேண்டிய கீபோர்டு சத்தம் போடாது. ஒரு கட்டையை அழுத்தினால் அரங்கில் ஒரு நிறம் வரும்.

எந்தச் சுரத்துக்கு எந்த நிறம்? அச்சான ஸ்கோரில் அது இல்லை. நண்பர் சபனேயேவ் எழுதிய கட்டுரைகளிலிருந்தும், பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் ஸ்க்ரியாபினின் கைக்குறிப்புப் பிரதியிலிருந்தும்தான் அது தெரியவருகிறது. சி சிவப்பு, ஜி ஆரஞ்சு, டி மஞ்சள், ஏ பச்சை, ஈ வெளிறிய நீலம். இந்த வரிசை நமக்குப் புரியாததல்ல. ஒரு சட்ஜத்தை எடுத்துக்கொண்டு அதன் பஞ்சமத்தைப் பிடித்து, அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமாக்கி அதன் பஞ்சமத்துக்குப் போனால் வரும் சங்கிலி இது. அதன்மேல் வானவில்லை விரித்துவிட்டார்.

இந்த அட்டவணையை நம் கச்சேரிக்குப் போட்டால் வேடிக்கையாக இருக்கும். நமக்கு ஆதார சுருதி நகர்வதே இல்லை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் வித்வானுக்கு வர்ணம் முதல் மங்களம் வரை சிவப்பு. ஐந்து கட்டைப் பாடகிக்கு மாலை முழுக்க ஆரஞ்சு. ஆபரேட்டர் நிம்மதியாக இரண்டு தோசை சாப்பிடலாம்.

இந்த நிறங்களுக்கு எல்லோரும் தலையாட்டியதும் இல்லை. இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளரான ரிம்ஸ்கி-கோர்ஸகோவுக்கும் சுரங்கள் நிறமாகத் தெரிந்தன, ஆனால் அவருக்கு சி வெள்ளை. டி மட்டும் இருவருக்குமே மஞ்சள். 1907-இல் பாரிஸ் கஃபே ஒன்றில் இருவரும் இதைப் பேசிக்கொண்டிருக்க, உடன் இருந்த இசையமைப்பாளர் ரஹ்மானினோவ் நம்ப மறுத்தாராம். உடனே அவருடைய ஆபராவையே எடுத்து அவர்மீது திருப்பினார்கள். ‘கஞ்சப் பிரபு’வில் பொன் நிறைந்த பெட்டிகளைத் திறக்கும் காட்சிக்கு நீர் எழுதியது டி மேஜர்தானே என்று. ரஹ்மானினோவே பின்னாளில் சொன்ன கதை. அழகான கதைதான். ஆனால் சி சிவப்பா வெள்ளையா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ரசிகருக்கு அந்தக் கணக்கு தெரியப்போவதும் இல்லை. அவர் கண்ணுக்குப் படுவது நிறம் எப்போது மாறுகிறது என்பது மட்டும்தான்.

லூச்சேயின் கெட்டிக்காரத்தனமும் அதில்தான் இருக்கிறது. அந்த ஒரே வரிக்குள் இரண்டு குரல்கள். ஒன்று வேகக் குரல். ஆர்க்கெஸ்ட்ராவின் சுரக்கூட்டு எந்த அடிச்சுரத்தில் நிற்கிறதோ அதைப் பின்தொடர்ந்து ஓடும். இந்தப் படைப்பின் சுரக்கூட்டுக்கு நம் காதில் ஒரு பிடி உண்டு. வாசஸ்பதியில் பஞ்சமத்தை எடுத்துவிட்டு மிச்ச ஆறு சுரத்தையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பாருங்கள், கிட்டத்தட்ட அதுதான். அந்தக் கூட்டு இடம் மாறும்போதெல்லாம் வேகக் குரலும் நிறம் மாறும். கவனியுங்கள், தாளத்தை அல்ல, மெட்டையும் அல்ல, அடிச்சுரத்தை. பியானோ எத்தனை ஆயிரம் சுரங்களைக் கொட்டினாலும் அடி நகராதவரை விளக்கு அசையாது.

இன்னொன்று மெதுவான குரல். மொத்த இருபது நிமிடத்தில் ஆறே முறைதான் அது மாறுகிறது. எஃப் ஷார்ப்பில் தொடங்கி முழுச்சுர இடைவெளிகளில் ஏறி மறுபடி எஃப் ஷார்ப்புக்கே வந்து சேர்கிறது. நிறமாகச் சொன்னால் நீலம், ஊதா, உலோகச் சாம்பல், சிவப்பு, மஞ்சள், வெளிறிய நீலம், பழையபடி நீலம். நட்ட நடுவில் சிவப்பு. ஒரு நிறத்துக்குச் சராசரியாக மூன்று நிமிடம். ராகம் பாடும்போது தம்பூரா செய்கிற வேலையை இங்கே இந்தக் குரல் செய்கிறது. என்ன, இந்தத் தம்பூரா இருபது நிமிடத்தில் ஆறு தடவை சுருதி மாற்றும்.

மூன்று நிமிடம் ஒரே நிறம் என்றால் அலுக்காதா என்று கேட்கலாம். அலுக்கும், அதுதான் சூட்சுமம். ஒரே நிறத்தில் நனைந்த கண், கொஞ்ச நேரத்தில் அந்த நிறத்தைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. நீலம் மெல்ல மெல்லச் சாதாரண வெளிச்சமாகிவிடும். அந்த நிலையில் வரும் மாற்றம், மாற்றத்தின் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். சிவப்புக்கு முன்னால் சாம்பல் நிற்பதைப் பாருங்கள். நீலத்திலும் ஊதாவிலும் களைத்த கண்ணுக்கு அங்கே ஓய்வு. பிறகு சிவப்பு புதுக் கண்ணில் விழுகிறது. இருபது நிமிட இன்னிங்ஸில் அந்தச் சாம்பல்தான் என் பார்வையில் சிறந்த தடுப்பாட்டம். ஸ்கோர்கார்டில் ரன் இருக்காது, ஆட்டத்தைத் திருப்பியது அதுதான்.

அடுத்ததில் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று நிமிடச் சிவப்புக்குப் பிறகு வரும் மஞ்சள், முதல் சில விநாடி லேசாகப் பச்சை அடிக்கும். சிவப்பில் ஓய்ந்த கண் செய்யும் வேலை அது. மஞ்சளில் கொஞ்சம் ஆம்பர் கலந்து தொடங்கி, பிறகு மெதுவாக உருவிவிட வேண்டும். இன்னொன்று, வெளிச்சம் குறையக் குறையக் கண்ணுக்குச் சிவப்புதான் முதலில் கறுக்கும், நீலம் கடைசிவரை நிற்கும். படைப்பின் தொடக்கத்துக்கு ஸ்க்ரியாபின் கொடுத்த குறிப்பு ‘மூட்டமாக’ என்பது. தந்திகள் நடுங்க, மிக மெல்லிய சத்தம். அங்கே நீலத்தை எவ்வளவு தாழ்த்தினாலும் அது உயிரோடு இருக்கும். நடுவில் வரும் சிவப்பை அதே அளவுக்குத் தாழ்த்தினால் மேடை செத்துவிடும்.

இவ்வளவையும் எழுதியவர் இதை அரங்கில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. 1911 மார்ச்சில் மாஸ்கோவில் குஸெவிட்ஸ்கி நடத்த, ஸ்க்ரியாபினே பியானோ வாசித்த முதல் நிகழ்ச்சி விளக்கே இல்லாமல் நடந்தது. மோஸர் என்ற நண்பர் செய்துகொடுத்த வட்டப் பலகை ஒன்று இருந்தது. சுற்றிலும் பன்னிரண்டு வண்ண பல்புகள். வீட்டில் வைத்து வாசித்துப் பார்க்கத்தான் அது உதவியது. மாஸ்கோவில் அவர் கடைசியாக வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம், பலகை அங்கே இருக்கிறது. 1915 மார்ச் 20 அன்று நியூயார்க் கார்னகி ஹாலில் ஆல்ட்ஷூலர் நடத்திய நிகழ்ச்சியில்தான் முதன்முதலாக நிறம் வந்தது. ‘க்ரோமோலா’ என்ற கருவி, மேடையில் ஒரு சிறிய திரை, அதன்மேல் நிறங்கள். விமர்சகர்கள் ரசிக்கவில்லை. எப்படி ரசிப்பார்கள்? காது அரங்கம் முழுக்க இசையில் மிதக்கிறது, கண்ணை மட்டும் ஒரு ஜன்னலுக்குள் அடைத்துவிட்டார்கள். கலர் மட்டும் ஓடி படம் ஓடாத சினிமா. ஐந்து வாரம் கழித்து மாஸ்கோவில் ஸ்க்ரியாபின் இறந்தார். உதட்டில் வந்த கட்டி, ரத்தத்தில் பரவிய நஞ்சு. வயது 43.

2010 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகத்தின் வூல்ஸி ஹாலில் இசையறிஞர் அன்னா காபாயும் ஒளியமைப்பாளர் ஜஸ்டின் டவுன்ஸெண்டும் யேல் சிம்பொனியோடு சேர்ந்து இதைத் திரும்ப எடுத்தார்கள். பாரிஸ் பிரதியில் மின்னல், தீநாக்கு என்றெல்லாம் ஸ்க்ரியாபின் எழுதிவைத்த குறிப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். திரைக்குள் அடைக்காமல் ஹாலையே நிறத்தால் நிரப்பினார்கள். லூச்சேயை ஒழுங்காக வாசிக்க வேறு வழி எனக்கும் தெரியவில்லை. மெதுவான குரலுக்குச் சுவரும் கூரையும், வேகக் குரலுக்கு மேடை. இரண்டையும் ஒரே இடத்தில் கொட்டினால் கலந்து சேறாகிவிடும்.

கையில் நல்ல கருவி இருப்பதாலேயே வேலை சுலபமாகிவிடாது. இன்றைய விளக்குகளில் பெரும்பாலானவை டி.எம்.எக்ஸ். என்ற கட்டுப்பாட்டு முறை சொல்வதைக் கேட்பவை. ஒரு சேனலுக்கு 0 முதல் 255 வரை படிகள். அந்த மூட்டமான தொடக்கத்தில் இருட்டிலிருந்து 5 சதவீதம் வரை 20 விநாடியில் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். கிடைப்பது பதின்மூன்று படிகூட இல்லை. ஒன்றரை விநாடிக்கு ஒரு குதி. பழைய ஹாலஜன் விளக்கின் இழை சூடாக நேரம் எடுப்பதால் குதி தெரியாது. எல்.இ.டி. அந்தத் தயவு காட்டாது, கடைசி வரிசையில் இருப்பவரும் எண்ணிவிடுவார். இரண்டு சேனல்களைச் சேர்த்து 65,536 படிகளாக்கித்தான் தப்பிக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே, வாசிப்பவர்களுக்குத் தாள் தெரிய வேண்டும். ஸ்டாண்டுக்கு ஒன்றாக நாற்பது ஐம்பது சின்ன வெள்ளை விளக்குகள் எரிந்தால் நம் நீலம் நீர்த்துப்போகும். அவற்றை அணைத்தாலோ, நடுவில் சிவப்பு வரும்போது கண்டக்டர் சிவப்புப் பென்சிலால் போட்டுவைத்த குறிகள் அத்தனையும் தாளிலிருந்து மறைந்துவிடும். ஒத்திகையின்போது யாராவது அவருக்கு ஒரு கறுப்புப் பென்சில் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாப் பந்தையும் அடித்தும் ஜெயிக்கலாம் என்பதற்கும் ஓர் ஆட்டம் இருக்கிறது, நேர்மையாக அதையும் சொல்லிவிடுகிறேன். இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ‘டி க்ளூக்லிஷே ஹான்ட்’ என்ற இசை நாடகம், 1924-இல் வியன்னாவில் மேடையேறியது. அதுவும் ஏறக்குறைய இருபது நிமிடம். அதில் ஓரிடத்தில் காற்று எழும்ப எழும்ப வெளிச்சமும் ஏற வேண்டும். மங்கிய சிவப்பு, பழுப்பு, அழுக்குப் பச்சை, நீலச் சாம்பல், ஊதா, பிறகு ரத்தச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று இசையமைப்பாளரே இசையோடு கோத்து எழுதியிருக்கிறார். மூச்சுவிட நேரமில்லை, ஆனாலும் அது பலிக்கும். அந்த ஒரு காட்சியில் மட்டும்தான் அந்த வேட்டை. கடைசி ஓவரில் சுற்றுவதுபோலச் சுற்றுகிறார். அதையே முதல் ஓவரிலிருந்து செய்திருந்தால் நம் சபா விளக்கின் கதிதான்.

ப்ரொமிதியஸின் கடைசி ஓவர் வேறு மாதிரி. இருபது நிமிடமும் எங்கேயும் நிற்காமல் அலையவிட்ட சுரக்கூட்டை, கடைசிச் சுரத்தில் ஸ்க்ரியாபின் ஒரு சுத்தமான எஃப் ஷார்ப் மேஜரில் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆர்கன், கோரஸ், பித்தளை வாத்தியங்கள் எல்லாம் தொண்டை கிழிய. மெதுவான குரல் ஏற்கெனவே அந்த நீலத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது. வேகக் குரலும் அங்கேயே வந்து சேர்கிறது. லூச்சே வரியின் இரண்டு குரலிலும் ஒரே சுரம். அரங்கமே அதிரும் அந்த இடத்தில் லைட் போர்டில் உட்கார்ந்திருப்பவருக்குப் புது நிறம் எதுவும் கிடையாது. இருக்கிற நீலத்தின் ஃபேடரை மேலே தள்ள வேண்டும், அவ்வளவுதான்.