ஒரே மால்ட், இரண்டு புகை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஐலா தீவின் விஸ்கி என்று பேச்செடுத்தால் போதும், ரசிகர்கள் எண்ணில் இறங்கிவிடுவார்கள். லகாவூலின் 35 பிபிஎம், லஃப்ரோய்க் 40க்கு மேல், ஆர்ட்பெக் 55. முளைகட்டிய பார்லியான மால்ட்டை உலர்த்தும் சூளையில் பீட் எரிப்பார்கள். சதுப்பில் செடிகொடிகள் மட்கி, இறுகிக் கிடக்கும் மண் அது. அதன் புகை தானியத்தில் ஏற்றும் பீனால்களின் அளவே இந்த எண். மிளகாய்க் காரத்தைப்போல, எண் ஏறினால் புகையும் ஏறும் என்று நம்பிவிடுகிறோம். ஆனால் அது பார்லியில் எடுத்த கணக்கு, கிளாஸில் எடுத்ததல்ல. ஊறி, நொதித்து, வடிவதற்குள் பாதிக்கு மேல் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் லகாவூலின் 16, கல் ஈலா 12 (இந்த எண்கள் வயது) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். இரண்டும் டியாஜியோ நிறுவனத்துடையவை. இரண்டுக்கும் மால்ட் வருவது போர்ட் எலன் மால்ட் கூடத்திலிருந்துதான். பீனால் அளவும் ஏறத்தாழ ஒன்றே. பாட்டிலில் இரண்டுக்கும் ஆல்கஹால் 43 சதவீதம்.

முதலில் கல் ஈலா. மெலிந்ததை முந்திக் குடிக்காவிட்டால் அதன் குரல் கேட்காது. வெளிர் நிறம், எலுமிச்சைத் தோல், உப்புக்காற்று, அணைந்த அடுப்பின் சாம்பல். நாக்கில் எண்ணெய்ப் பசை உண்டு, கனம் கிடையாது. அடுத்து லகாவூலினை மூக்கருகே கொண்டுபோனால் வேறு உலகம். உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டிச் சாயல். அவற்றுக்கு அடியில், மாசிக் கருவாடு பழகிய மூக்கு சட்டென்று அடையாளம் காணும் ஒரு புகை. விழுங்கிய பிறகும் நெடுநேரம் தொண்டையை விட்டுப் போகாது.

வேறுபாடு வாலையில் தொடங்குகிறது. கல் ஈலாவின் செம்பு வாலைகள் பெரியவை. அவற்றைக் குறைவாக நிரப்பி வடிப்பதால் ஆவி செம்போடு நன்றாக உரசிக் கனத்தை இழக்கிறது. பேரிக்காய் வடிவ லகாவூலின் வாலைகளிலோ ஏறக்குறைய விளிம்புவரை நிரப்புகிறார்கள். இரண்டாம் வடிப்பு மட்டும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் நடக்கிறது. பிறகு பதினாறு ஆண்டுப் பீப்பாய்வாசம். காலம் புகையைக் கூட்டுவதில்லை, தணிக்கிறது. 48 சதவீதத்தில் வரும் லகாவூலின் 8 அண்ணனைவிட முரட்டுத்தனமாக இருப்பது அதனால்தான்.

லஃப்ரோய்க்கின் டிஞ்சர் நெடிக்கும் வடிப்பில் ஒரு காரணம் உண்டு. கனமான பீனால்கள் வடிப்பின் பிற்பகுதியில்தான் இறங்கும். அங்கே அந்தப் பகுதியைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசனை என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எதிர்முனையில் ப்ரூக்லாடியின் ஆக்டோமோர். அதன் 8.3 வெளியீட்டில் மால்ட் 309 பிபிஎம். ஆனாலும் ஆர்ட்பெக்கைப்போல ஐந்து மடங்கு புகை அதில் இல்லை. ப்ரூக்லாடியின் உயர்ந்த, ஒல்லிக் கழுத்து வாலைகள் மென்மையான சாராயத்தையே தருகின்றன. எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் அதன் இனிப்பில் திகைத்துப்போவதைப் பார்க்க வேண்டும்!

தண்ணீர் சேர்ப்பது பாவம் என்று சிலர் விரதம் காக்கிறார்கள். தேவையில்லை. புகைவாசம் தரும் குவயகால் என்ற மூலக்கூறு, தண்ணீர் கலந்து சாராயம் இளகும்போது மேற்பரப்பை நாடுகிறது என்று 2017இல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் கணித்துக் காட்டினார்கள். சில துளி விட்டுப் பார்த்தால், அதுவரை ஒதுங்கி நின்ற கல் ஈலாவின் சாம்பல் முன்னுக்கு வருகிறது. லகாவூலினில் அவ்வளவு மாற்றம் எனக்குத் தெரிவதில்லை. ஐஸ் மட்டும் வேண்டாம், குளிரில் இரண்டும் ஊமை.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்கலாம் என்றால் நான் கல் ஈலாவையே எடுப்பேன். லகாவூலின் முதல் கிளாஸிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. கல் ஈலா அப்படியல்ல, விலையும் குறைவு.