ஆட்ட நாயகன் மோலியேர் இல்லை

படத்தின் பெயர் ‘மோலியேர்’. ஆனால் ஆட்ட நாயகன் பட்டத்தை அள்ளிக்கொண்டு போகிறவர் வேறொருவர்.

லொரான் திரார் இயக்கி 2007-இல் வந்த பிரெஞ்சுப் படம் இது. 1645-இல், பாரிசில் நாடகக் குழு நடத்திய இளம் மோலியேர், மெழுகுவர்த்தி வாங்கிய பாக்கியைக்கூடக் கட்ட முடியாமல் சிறைக்குப் போனது வரலாறு. அங்கிருந்து திரார் கற்பனையை ஓடவிடுகிறார். ஜூர்தன் என்ற பணக்கார வணிகர் கடனை அடைத்து, மோலியேரை வீட்டுக்கு அழைத்து வருகிறார். செலிமேன் என்ற சீமாட்டியை மயக்க அவருக்கு நடிப்புப் பயிற்சி வேண்டும். மனைவி எல்மீர் சந்தேகப்படக் கூடாது. அதனால் வாத்தியாருக்குப் பாதிரியார் வேடம், தார்த்யூஃப் என்ற பெயர்.

இந்தப் பெயர்கள் எல்லாம் பின்னாளில் மோலியேர் எழுதிய நாடகங்களின் பாத்திரங்கள். பட்டதைத்தான் எழுதினார் என்கிறது படம். எனக்கு இதில் உடன்பாடில்லை. பட்டதைப் பதிந்துவைக்கக் கணக்குப்பிள்ளை போதுமே! பதின்மூன்று ஆண்டுகள் ஊர் ஊராக நாடகம் போட்ட அலைச்சலும், 1658-இல் பாரிஸ் திரும்பியபின் ஒரே அரங்கைப் பகிர்ந்துகொண்ட இத்தாலிய நகைச்சுவை நடிகர்களும் அவருக்குக் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு வீட்டுக்குள் அடங்காது.

நடிப்புக்கு வருவோம். மோலியேராக ரொமேன் துரிஸ். குதிரையாக நடிப்பது எப்படி என்று ஜூர்தனுக்குக் காட்டும் இடத்தில் அவர் கழுத்தும் தோளும் பேசுகின்றன. வாய்க்கு வேலையே இல்லை. ஆனால் எல்மீரோடு காதல் தொடங்கியதும் வேகம் குறைகிறது, முகம் ஒரே சோகத்தில் உறைகிறது. அந்தக் காட்சிகளை விழாமல் தாங்குவது லாரா மொராந்தேயின் நிதானம்.

ஜூர்தனாக வரும் ஃபாப்ரிஸ் லுகினியோ ஒரு பந்தைக்கூட வீணாக்கவில்லை. பிரெஞ்சு இலக்கியத்தை மேடையில் தனியாளாக வாசித்தே அரங்கை நிறைப்பவர் அவர். சொல்லழகுதான் அவருடைய சொத்து. இங்கே அதைப் பெட்டியில் பூட்டிவிட்டு, பேசத் தெரியாதவனாக நிற்கிறார். சிரிப்பு காட்டுவதற்காக எங்கேயும் முகத்தைக் கோணவில்லை. ஜூர்தன் தன்னை முழுதாக நம்புகிறார். அதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. செலிமேன் தன்னைக் கேலி செய்வதைத் தன் காதாலேயே கேட்கும்போது அந்த நம்பிக்கை முகத்திலிருந்து மெல்ல இறங்குகிறது. சற்று நேரம் கழித்துத்தான் நாம் சிரிப்பை நிறுத்தியிருப்பது நமக்கே தெரிகிறது.

திராரின் பிழை ஆட்களை நிறுத்திய இடத்தில் இருக்கிறது. ஏமாற்றும் வேடத்தை மோலியேருக்கும் ஏமாறும் வேடத்தை லுகினிக்கும் கொடுத்துவிட்டார். நிஜ மோலியேர் மேடையில் செய்தது நேர்மாறு. ‘தார்த்யூஃப்’ நாடகத்தில் அவர் நடித்தது போலிப் பக்தனாக அல்ல, அவனிடம் ஏமாறும் ஓர்கோனாக. கஞ்சன் ஆர்பகோன் வேடமும் அவருக்குத்தான். 1670-இல் ஷாம்போர் அரண்மனையில் பதினான்காம் லூயியின் முன்னால் ஜூர்தனாக நின்றவரும் அவரே.

கடைசி வேடம், இல்லாத நோயை இருப்பதாக நம்பும் ஆர்கான். 1673 பிப்ரவரி 17 அன்று, நாடகம் நான்காவது முறை மேடையேறியபோது, நிஜமான இருமலோடு அதை நடித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போனார். அன்றிரவே இறந்தார்.