புதுவைப் பூக்கட்டு மரபும் நார் படும் பாடும்

சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் செயலாளர் மூன்று மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயாவைப் பற்றி எழுதுங்கள், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்றார். எனக்குப் பூக்கட்டச் சொல்லித்தந்த ஐயாவைப் பற்றி எழுதுவதென்றால் அவர் கையில் இருந்த கட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். கண்ணி, இண்டை, தொடையல், தார் என்ற மாலைப் பாகுபாடெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குப் பாடம். அதற்குள் போகவில்லை.

நம் ஊரில் பூவைக் கையாள மூன்று வழி உண்டு. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது ஒன்று: பூச்செண்டு, மலர்வளையம், மாதா கோயில் பீடத்து ஜாடி. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் வைக்கும் வளையத்தையும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளையும் பார்த்தால் அந்தக் கை இன்னும் ஓயவில்லை என்று தெரியும். அரவிந்தர் ஆசிரமத்து வழி வேறு. அங்கே கட்டே கிடையாது, பரப்புவதுதான். அன்னை ஏறத்தாழ 900 பூக்களுக்குப் பொருள் சொல்லிப் பெயர் வைத்தார். நம் மாநில மலரான நாகலிங்கம் அவருக்கு 'வளம்'. சமாதிக்கு நிழல் தரும், 1930-இல் நட்ட மரம் 'சேவை'. நிறத்தோடு நிறத்தை உரசவிடாமல் அடுக்கும் நிதானத்தை அவர்களிடம்தான் பார்க்க வேண்டும். ஐயாவே அதை ஒப்புக்கொள்வார்.

இந்த வழிகளுக்கு வெளியே நின்று பூவை ஆராய்ந்தவர்களுக்கும் இங்கே குறைவில்லை. தாவரவியல் பூங்கா 1826-இல் தொடங்கியது. 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பூந்தாதுக்கென்றே தனி ஆய்வகம் வளர்த்தவர் கணபதி தணிகைமணி. 1986-இல் கராச்சி விமானக் கடத்தலில் அவரை இழந்தோம்.

மூன்றாவது வழி கோயில் வழி, நம்முடையது. முருக நாயனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று தேடிப் பறித்துத் தொடுத்த வழி. இதிலும் ஊருக்கு ஒரு கை. தோவாளையில் அரளியையும் நொச்சி இலையையும் மடித்து மடித்து மாணிக்கம் பதித்தாற்போல் பின்னுவார்கள். ஸ்ரீரங்கத்துக் கையில் கனம் அதிகம். நம்முடையது நெருக்கக் கட்டு.

ஐயாவிடம் சேர்ந்தபோது முதல் ஆறு மாதம் என்னைப் பூவைத் தொடவிடவில்லை. நார் கிழிப்பதுதான் வேலை. காய்ந்த வாழைப்பட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டைவிரல் நகத்தால் கீறி, ஒரே அகலத்தில் முனைவரை அறுபடாமல் இழுக்க வேண்டும். இழுத்ததை ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். அந்த ஈரந்தான் காம்புக்கு உயிர். பிறகு இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், விரலில் ஒரு சுற்று, ஓர் இழுப்பு. இறுக்கினால் காம்பு நறுக்கும், தளர்த்தினால் பூ நழுவும். கட்டி முடித்ததும் மாலையைத் தலைகீழாகப் பிடித்து ஒரே ஒரு உதறல். ஒரு மொட்டு விழுந்தாலும் "அவிழ்த்துடு" என்பார். அதற்கு மேல் திட்டியதில்லை.

மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே கட்டி முடித்துவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருப்பார். "பூ சாமி மேலதாம்மா விரியணும்." பறித்த பிறகும் மல்லிகை விரிய விரிய மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பிரான்சில் கிராஸ் நகரத்து வாசனைக்காரர்கள் கொழுப்புப் பூசிய கண்ணாடித் தட்டில் மல்லிகையைப் பரப்பி மணம் பிடித்தது இதை நம்பித்தான். அந்த ஊரின் பெயரையே கேட்டிராத ஐயா சாயரட்சைக்குச் சரியாக மணம் எழும்படி கட்டுவார்.

மாசி மகத்தன்று அவரோடு வைத்திக்குப்பம் போவேன். மயிலம் முருகனும் சுற்றுவட்டத்து மூர்த்திகளும் தீர்த்தவாரிக்கு வந்து நிற்பார்கள். கடற்காற்று மாலையைப் புரட்டும். கூட்டம் சாமியைப் பார்க்கும், ஐயா மாலையைப் பார்ப்பார். எந்த மாலை எந்தக் கை என்று தூரத்திலிருந்தே சொல்வார். காற்று அடித்து ஓய்ந்த பிறகு எந்த மாலை உரு மாறாமல் இருக்கிறதோ அதுதான் மாலை.

இன்று அதே கரையில் நைலான் நூலும் ஜரிகையும் பறக்கின்றன. யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. நல்ல கைகள் இப்போதும் சில உண்டு, நம் சங்கத்திலேயே உண்டு. ஆனால் சாயம் ஏற்றிய செவ்வந்தி, ஸ்டேப்ளர் ஊசி குத்திய ரோஜா இதழ், மினுக்குத் தூள் எல்லாம் மாலை என்ற பெயரில் வருகின்றன. என் தங்கை மகள் கல்யாணத்தில் நீலச் சாயம் முகூர்த்தப் புடவையில் இறங்கியது. கட்டித் தந்தவரைக் கேட்டேன். "போட்டோவுல நல்லா வந்திருக்கேக்கா" என்றார். நூல் காம்பை அறுக்கும், ஈரம் தராது, மக்காது. வாழைப்பட்டையோ ஊரில் குப்பையாகக் கிடக்கிறது. அரை மணி நேரம் ஊறவைக்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். நான் சொல்கிறேன், நாரை விட்ட அன்றுதான் எல்லாம் போயிற்று. நந்தவனம் வண்டி நிறுத்துமிடமானது, வாசலில் மல்லிகைப் பந்தல் போனது, பெண்பிள்ளைகள் தலையில் பூ போனது, பெரியவர் முன் உட்கார்ந்து கற்கும் பழக்கமே போனது. மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. தோவாளை மாணிக்கமாலை 2025-இல் வாங்கியது. நாம் நூல்கண்டு வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

தலைவர் அவர்களும் மூத்தோரும் பொறுத்தருள வேண்டும், கொஞ்சம் சூடாகிவிட்டது. ஆண்டுப் போட்டியில் நார் மாலைக்குத் தனிப் பிரிவு வேண்டும், நடுவர்கள் ஐயாவின் உதறலைத் தேர்வாக வைக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கலந்துகொள்ளும் பிள்ளைகள் முதல் நாளே சொல்லிவிடட்டும். பட்டையை நானே ஊறவைத்துக் கொண்டுவருகிறேன்.